கரவானைத் திருப்பியவர்

ஈஸ்டர் விடுமுறைக்கு, நான் வேலை செய்த வீட்டு எசமானி, சின்யோரா, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் தன் வண்டிவீட்டை, கரவானைத் தந்தார். மறுத்தால் மனம் நோவாரோ என்று பயந்து, இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வெளியே இருந்த கடலோரக் கரவான் பூங்காவுக்கு நானும் கணவரும் மூன்று மாதக் குழந்தையோடு போனோம்.

அங்கே காவலுக்கு நின்றவர் மன்னார்ப் பக்கத்து ஆள். பெரிய தொந்தி, சிவப்பு பிளாஸ்டிக் செருப்பு. பொழுது சாய முன் ஒவ்வொரு கரவானுக்கு அடியிலும் படுத்து, கையால் தடவிப் பார்ப்பார். எங்கள் கரவானுக்கு அடியிலிருந்து எழும்பியபோது அவர் கையில் என் பிள்ளையின் துணி இருந்தது.

“தங்கச்சி, ஆர் இந்தத் தரை ஓட்டையளை அடைச்சது?”

“நான்தான் அண்ணை. கடல்காத்து வருது. பிள்ளைக்குச் சளி பிடிச்சிடும்.”

“உள்ளுக்கை காஸ் அடுப்பு எரியுதெல்லோ? இதை அடைச்சா மூச்சு முட்டிப் போடும். பிள்ளையைப் பிட்டு மாதிரி அவிக்கப் போறியளோ?”

அடுப்பை அணைத்துப் பிள்ளையோடு வெளியே ஓடிவந்தேன். அப்போதும், “திறந்தா காத்து வருமே அண்ணை” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கரவான்காரர்களைக் கூப்பிட்டார். வைன் கிளாஸ்களை வைத்துவிட்டு வந்த அவர்களும் என் கணவருமாகத் தள்ளி, கரவானின் வாசலை மலைப்பக்கம் திருப்பினார்கள்.

“இனிக் காத்து கரவான்ரை முதுகிலைதான் தட்டும். பயப்பிடாமல் படுங்கோ.”

நானும் பிள்ளையும் நன்றாகத் தூங்கினோம். ஓட்டைகள் இருந்தது தரையில். அடியால் வரும் காற்றுக்குக் கரவான் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?