ஸ்டேஷன் மாஸ்டரின் ரோஜாக் குச்சிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஓர் அடைமழைக்காலத்தில், மலாயாவில் பாலோவுக்கு அருகே ஒரு சிறிய ஸ்டேஷனில் அந்த மாஸ்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், நெட்டையான உடம்பு, இறுகிய தாடை. வேர்பிடிக்க ரோஜாக் குச்சிகள் நட்ட சட்டிகளைப் பயணிகள் அறைப் பெஞ்சுகள் முழுக்க அடுக்கி, ஒவ்வொரு துளிரையும் விரல்நுனியால் தடவிக்கொண்டிருந்தார்.

காய்ச்சலில் கொதித்த மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரயிலுக்குக் காத்திருந்தேன். பிளாட்பாரக் கூரை ஒழுகியது.

"ஐயா, பிள்ளைய உள்ள படுக்க வைக்கலாமுங்களா?"

"செடி நனைஞ்சால் அழுகிப்போகும். நீ நனைஞ்சால் காய்ஞ்சிடுவாய். வெளியிலே நில்!"

நான் உள்ளே போய் இரண்டு சட்டிகளைத் தரையில் இறக்கிவிட்டுப் பிள்ளையைப் படுக்கவைத்தேன். "எடடி கையை!" என்று பாய்ந்து வந்தார்.

"என் பிள்ளையத் தொட்டீங்கன்னா எல்லாத்தையும் போட்டு உடைச்சிருவேன்."

அவர் தன் கோட்டைக் கழற்றினார். பிள்ளைக்குத்தான் என்று கை நீட்டினேன். அவரோ சாரல் படாதபடி அதைத் தரையிலிருந்த சட்டிகள்மேல் போர்த்தினார்.

மகன் பிழைத்துக்கொண்டான். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அன்று அவர் மண்டியிட்டு அந்தத் துளிர்களைப் பார்த்தபோது அவர் முகத்தில் அவ்வளவு பரிவு இருந்தது. அதில் கொஞ்சம்கூட மனிதருக்கு மிஞ்சாமல் போனது எப்படி என்றுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.