புருஷோத்தமன் அடைத்த ஓட்டை

எங்கள் மேட்டுகுடா தெருவில் புருஷோத்தமனைப் போல இன்னோர் ஆசாமி கிடையாது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருடம் ஃபிட்டர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் திருப்பதி போவார்கள், சுகருக்காக நடப்பார்கள். இவரோ பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நினைவுப் பதக்கங்களைச் சேர்க்கிறார். டெக்சாஸிலிருந்து மகள் வந்தால் தெருவுக்கெல்லாம் சாக்லேட், அப்பாவுக்கு மட்டும் பழைய உலோகம்.

போன வருடம் வந்தது, 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் விற்ற வெள்ளீயப் பதக்கம். அந்தக் காலத்தில் யாரோ கயிறு கோத்து மாட்டிக்கொள்ள மேலே ஓட்டை போட்டிருந்தார்கள். சேகரிப்பவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். ஃபிட்டர் விடுவாரா? மூன்று வாரம் உட்கார்ந்து, வெள்ளீயத் துண்டை அராவி ஓட்டையில் பொருத்தி, ஓட்டை போட்டதில் போயிருந்த பாதி நட்சத்திரத்தையும் செதுக்கிவிட்டார். பூதக்கண்ணாடி வைத்தும் எனக்கு இடம் தெரியவில்லை. அப்புறம்தான் எங்கள் ஊர் நாணயச் சங்கம் வருடாவருடம் நடத்தும் கண்காட்சியின் விதிமுறைத் தாளைப் படித்தார். பழுது பார்த்த பதக்கங்களுக்கு அங்கே இடமில்லை.

"வாயத் தொறக்கவே நக்கோ, வேணாம். பேசாம கொண்டுபோய் வைங்க" என்றார் அவர் மனைவி மங்களம்.

அவரும் அதற்குச் சம்மதித்தார். ஐந்து வருடமாக விண்ணப்பித்தும் பதக்கங்களை வைக்க அங்கே ஒரு மேசைகூடக் கிடைக்கவில்லை. "ஒர்க்‌ஷாப் ஆளுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று அங்கே ஒருவன் சிரித்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை. எனக்கும்தான்.

தேர்வு நாளன்று பதக்கங்களைப் பார்த்து மேசை ஒதுக்கியவர் சுதர்சன், மதுரைக்காரர். பதக்கத்தை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"அருமை சார்! ஓட்டையில்லாம இது கிடைக்கிறதே அபூர்வம். நடு மேசை உங்களுக்குத்தான். இந்த நட்சத்திரத்தப் பாருங்க, என்ன சுத்தம்! இந்த வேலையெல்லாம் அமெரிக்காக்காரனுக்குத்தான் வரும்."

நான் புருஷோத்தமன் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை.

"எது சார் அமெரிக்கா? அதுல பாதி நான் வெட்டினது! லாலாகுடா ஃபிட்டர் வெட்டினது!"

சுதர்சன் மறுபடி லென்ஸை வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மேசை தர முடியாது சார்" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. எதுல வெட்டினீங்க?"

புருஷோத்தமன் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் வெளியே வந்து மங்களத்துக்குப் போன் போட்டேன்.

"மேசை கிடைக்கலக்கா."

"உண்மையச் சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார்."

"நல்லா பாத்தாங்களா, அவர் வேலைய?" என்று கேட்டார் மங்களம்.