எண்ணெய்ச் சட்டி ஏறாத மரவள்ளிச் சிப்ஸ்

தொண்ணூற்றெட்டாம் வருடம் எனக்கு நாற்பத்து நான்கு வயது. கொல்லிமலையில், அரியூர் நாடு என்கிற பகுதியில், ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். மேடேறும்போது நெஞ்சை அடைக்கிறதென்று நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, இனிமேல் எண்ணெயில் பொரித்த எதையும் தொடக்கூடாது என்றார். மரவள்ளிச் சிப்ஸ் கூடவா என்று என் மனைவி கேட்டாள். அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்றார் அவர்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் இருவரும் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள். எனக்கு வேலை கிடைத்து கொல்லிமலைக்குக் குடிவந்த நாள் முதல், பள்ளி விட்டு வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கிண்ணம் மரவள்ளிச் சிப்ஸ் வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே அவள் எண்ணெய்ச் சட்டியைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். தனக்கென்றுகூட ஒரு அப்பளம் பொரித்துக்கொள்ளவில்லை.

நான் ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு மலைமேல் கடைவீதி இருக்கிற செம்மேட்டுக்குப் போகும்போதெல்லாம் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒதுங்கித் தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீடு திரும்பினேன். ஒரு நாள் பொட்டலக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே மறந்துவிட்டேன். துவைக்க எடுத்தவள் அதை விரித்து எண்ணெய்க் கறையைப் பார்த்தாள். நான் எதிரிலேயே நின்றிருந்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, வாய் கேக்குதுன்னா எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா?” என்றாள். “திருடித் திங்கற அளவுக்கு உங்கள உட்டுட்டனே.”

அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவேயில்லை. என்றைக்கும் பேசவில்லை. மறுநாள் பக்கத்துக் காட்டுக்காரரிடம் கிழங்கு வாங்கி வந்தாள்.

முதலில் சீவி வெயிலில் காயப்போட்டாள். மலையில் அப்போது பனி விலகவே பத்து மணி ஆகும். மூன்றாம் நாள் வில்லைகளில் பூசணம் பூத்திருந்தது. அடுத்து தோசைக்கல்லில் போட்டுப் பார்த்தாள். ஓரம் கருகியது, நடுவில் பச்சைக் கிழங்கு அப்படியே இருந்தது. எனக்காக இவ்வளவு பாடு வேண்டாம் என்று சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

ஒரு நாள் டீயோடு ரஸ்க் கடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். இதை யாரும் எண்ணெயில் பொரிப்பதில்லையே, பிறகு எப்படி இப்படி மொறுமொறுக்கிறது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுப்பவன் நான். அவள் அடுத்த பஸ் ஏறிச் செம்மேட்டில் இருந்த பேக்கரிக்கே போய்விட்டாள்.

கூச்சப்படுகிறவள்தான். கடைவீதியில் அறியாத ஆளிடம் வழி கேட்கக்கூடத் தயங்குவாள். அன்று அடுப்படி வரைக்கும் போய் நின்றிருக்கிறாள். ரொட்டி சுடுகிறவர் தீயை முழுக்க வாரி வெளியே தள்ளிய பிறகே தட்டுகளை உள்ளே வைப்பதைப் பார்த்திருக்கிறாள். தீயில் வேகவில்லை, செங்கல் பிடித்து வைத்திருக்கும் சூட்டில்தான் வேகிறது என்று அவர் சொன்னாராம். சூடு பதமா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தூவி, அது எவ்வளவு சீக்கிரம் சிவக்கிறது என்று கவனிப்பாராம்.

வீட்டுக்கு வந்தவள் மளிகைக் கடையிலிருந்து பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதைப் படுக்கவைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, செம்மண் குழைத்துப் பூசினாள். கீழே விறகு வைக்க இடம் விட்டாள். டின்னுக்குள் ஒரு சாண் அகலக் கம்பி வலை. நான் செய்ததெல்லாம் அந்த வலையை வெட்டிக் கொடுத்தது மட்டும்.

முதல் ஈடு கரி. இரண்டாவது ஈடு தோல் செருப்பு மாதிரி வளைந்தது. வில்லைகள் ஒரே கனத்தில் இல்லாததுதான் கோளாறு என்று கண்டுபிடித்தது அவளேதான். சீவுகிற பலகையில் தகட்டை இறுக்கி, வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரியும்படி மெல்லிசாகச் சீவினாள். உப்புத் தண்ணீரில் அரைவேக்காடாக வேகவைத்து, வேட்டித் துணியில் ஒற்றி ஈரம் எடுத்தாள். ஒரு தேக்கரண்டி எண்ணெயை மொத்தக் கிழங்கிலும் கையால் தடவி, வீட்டுப் பின்னால் மரத்தில் படர்ந்திருந்த கொடியின் மிளகைப் பொடித்துத் தூவினாள். அப்புறம் தீயை வாரிவிட்டு, வில்லைகளை உள்ளே பரப்பி, வாயை மூடினாள்.

நாலாவது ஈட்டில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். கடித்தேன். உடைந்தது. பொரித்ததைப் போலில்லை என்று சொல்லத்தான் வேண்டும். எண்ணெயின் வழவழப்பு இல்லாததால் கிழங்கின் இனிப்பு முதல்முறையாக நாக்கில் தெரிந்தது, பின்னாலேயே மிளகின் காரம் வந்தது. மீதியை ஒரு கிண்ணத்தில் வாங்கி, அங்கேயே நின்று தின்று தீர்த்தேன்.

அதன் பிறகு பீட்ரூட், வாழைக்காய், சேனை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் அந்த டின்னுக்குள் வைத்தாள். பீட்ரூட்டுக்குச் சூடு குறைவாக வேண்டும் என்பதும், சேனையைப் புளித்தண்ணீரில் வேகவைத்தால்தான் நாக்கு அரிக்காது என்பதும் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. ஆறு மாதம் கழித்து டாக்டரிடம் ஒரு டப்பா கொண்டுபோனோம். அவர் இரண்டு தின்றுவிட்டு, செய்முறையைத் தன் வீட்டம்மாவுக்குச் சொல்லச் சொன்னார். என் மனைவி அங்கிருந்த டெலிபோனிலேயே நின்று நிதானமாகச் சொன்னாள்.

இரண்டாயிரத்தில் அவளுடைய அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. பார்த்துக்கொள்ள அவள் பத்து நாள் அடிவாரத்துக்குப் போனாள். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை நானே அந்த டின் அடுப்பை மூட்டினேன். பார்த்துப் பார்த்துப் பழகியதுதானே என்ற நினைப்பு. புகை கண்ணை எரித்தது. தீயை வாரும்போது கையைச் சுட்டுக்கொண்டேன். தூவிய மாவு உடனே கறுத்தது. சூடு இறங்கட்டும் என்று காத்திருந்தேன், அதற்குள் அடுப்பு ஆறிப்போனது. மறுபடி மூட்டினேன். மத்தியானம் வரை போராடியதில் பாதி கருப்பு, பாதி மெத்தென்று ஒரு தட்டு தேறியது. இரண்டு வருடமாக, வாரம் தவறாமல், ஒரு முனகலும் இல்லாமல் அவள் இதைச் செய்திருக்கிறாள் என்பது அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அவள் திரும்பி வந்ததும், எடுத்து வைத்திருந்த தட்டைக் காட்டி, எனக்கு வரவில்லை என்றேன். அவள் கருகியதிலேயே ஒன்றைப் பொறுக்கி எடுத்து, மெதுவாக மென்று முடித்தாள்.

“உப்பு சரியா இருக்குதுங்க,” என்றாள்.