வால் கரையும் தொட்டிக்குக் கீரை போட்டவள்

தலைப்பிரட்டைக்குச் சாப்பாடு போடுவதும் ஒரு வேலைதான். அதற்கும் வருகைப் பதிவேடு உண்டு, தாமதமாகப் போனால் மெமோ உண்டு. கவரைப்பேட்டை பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில் நான் லேப் அசிஸ்டென்ட். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி கம்பெனியில் இருக்கிறார். அவர் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் தலையாட்டுவார்கள். என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒரு வாய் காபிக்காகக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, இது உங்களுக்காகத்தான். நம் மாத்திரையில் இருக்கிற சரக்கு இன்னொரு உயிருக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்தால், நாளைக் காலை அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் மரியாதையோடு கழிப்பீர்கள்.

முந்நூறு பேர் உள்ள வீடு

ஜெனிபர் எங்கள் துறையில் பிஎச்.டி. செய்கிற பெண். மழை பிடித்ததும் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் குட்டையிலிருந்து தவளை முட்டைகளை எடுத்து வந்து, பொரிக்கவைத்து, கண்ணாடித் தொட்டிகளில் விட்டாள். சாப்பாடு என் பொறுப்பு. தலைப்பிரட்டைக்கு இலை தழைதான் முக்கியம். கீரையை வேகவைத்து, மசித்து, ஆறவைத்துப் போடவேண்டும். அதன் வயிற்றுத் தோல் மெல்லியது. உள்ளே குடல் கொசுவத்திச் சுருள் போலச் சுற்றிச் சுற்றி இருப்பது வெளியிலேயே தெரியும். தழையைச் செரிக்க அவ்வளவு நீளம் வேண்டுமாம்.

தினமும் ஸ்டேஷன் பக்கத்தில் கீரை வாங்குவேன். மருந்து அடித்ததா என்று கட்டுக்கட்டாக முகர்ந்து பார்ப்பேன். கீரைக்காரம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். முந்நூறு என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? கூடையில எடுத்தாராம வண்டியில போட்டுக்கினு வந்திருப்பேனே."

ஒரே மருந்து

ஒரு நாள் ஜெனிபர் ஒரு தொட்டியில் மட்டும் ஏதோ சொட்டு விட்டாள். என்ன என்று கேட்டேன். "நீங்க காலைல போடறீங்களே அக்கா, அதே தைராய்டு ஹார்மோன்தான்" என்றாள். எனக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்தது மாதிரி ஆகிவிட்டது.

மற்ற தொட்டிகளில் எல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு திரிய, சில நாட்களில் இந்தத் தொட்டியில் மட்டும் கால் தலைகாட்டியது. ஒன்றை மயக்க மருந்தில் வைத்து, வயிற்றைத் திறந்து காட்டினாள். கொசுவத்திச் சுருளைக் காணோம். குடல் நன்றாகச் சுருங்கிக் குட்டையாகிக் கிடந்தது. பூச்சி தின்னப்போகிற பிராணிக்கு அத்தனை நீளம் எதற்கு? சாதாரணமாக இந்த ஹார்மோனைத் தலைப்பிரட்டையின் சொந்தச் சுரப்பியே வேளை பார்த்துச் சுரக்குமாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, கால் எங்கே முளைக்கவேண்டும், வால் எங்கே கரையவேண்டும், குடல் எவ்வளவு குறையவேண்டும் என்று ஒரே உடம்புக்குள் ஆளுக்கொரு உத்தரவு போடுகிறது. அன்று முழுக்க நான் பிரமித்துப்போய்த் திரிந்தேன்.

மோட்டார் போடுகிற முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கல்லூரித் தண்ணீர் எல்லாம் அவர் பொறுப்பு. தொட்டியை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். "இத்தினி வருசமா நீயும் அத்தத்தான துன்னுக்கினு கீற? உனுக்கு இன்னா மாறிச்சு? அதே வாயி, அதே பேச்சு."

மாறாத தொட்டி

ஓரத்தில் இன்னொரு தொட்டி இருந்தது. அதில் சுரப்பியை வேலை செய்யவிடாமல் தடுக்கிற மருந்து. அங்கே இருந்தவை தின்றன, கொழுத்தன, அவ்வளவுதான். காலும் இல்லை, வாலும் போகவில்லை. பார்க்கப் பாவமாக இருக்கும். பணி ஓய்வுக்குக் கொஞ்ச நாளே மீதியிருந்த எங்கள் துறைத் தலைவர் அதன் முன்னால் கைகட்டி நின்று, ரொம்ப நேரம் பார்த்தார். "செல்வி, இந்தத் தொட்டிக்கு நம்ம டிபார்ட்மென்ட் பேரை எழுதி ஒட்டிடலாம்."

என் உபசாரம்

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். முன்னங்காலும் வந்து வால் கரைய ஆரம்பித்தவற்றை ஜெனிபர் தனித் தொட்டியில் வைத்திருந்தாள். மற்றவை எல்லாம் அதற்குமுன்பே ஆராய்ச்சிக்குப் போய்விட்டன, மிச்சம் இந்த நாற்பதுதான். அதில் குறைந்தது ஆறு முழுத் தவளையாகி, தானாக இரை பிடித்துத் தின்னவேண்டும். அவற்றின் குடலையும் பார்த்தால்தான் ஆராய்ச்சி முடியும். மறுபடி முட்டை எடுக்க வழியில்லை. குட்டையில் மண்ணைக் கொட்டி ஷெட் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவளுடைய ஆராய்ச்சிக் காலமும் அந்த வருடத்தோடு சரி.

தொட்டியில் சீட்டு ஒட்டியிருந்தாள்: 'முன்னங்கால் வந்தபின் உணவு வேண்டாம்.' குடல் மாறி முடியும்வரை அவை தின்னாது, கரைகிற வாலே சாப்பாடு என்று வாயாலும் சொல்லியிருந்தாள். பிறகு, எடுத்துவைத்த குடல்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்க மெல்லிசாகச் சீவிச் சிலைடு செய்கிற வேலையாகச் சென்னைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை தாங்கிக்கொண்டேன். சனிக்கிழமை மதியம் பார்க்கிறேன், எல்லாம் வற்றிப்போய், வாய் மட்டும் பெரிதாக இருக்கிறது. வெறும் வயிறு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஒரு கரண்டி கீரையைப் போட்டுவிட்டு, எத்தனை மணிக்குப் போட்டேன் என்று நோட்டிலும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோதே வாடை. தின்னாத கீரை அழுகித் தண்ணீரைக் கெடுத்துவிட்டது. பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரில் மாற்றிப் பார்த்தேன். உயிரோடு இருந்தவை ஒன்பது.

துறைத் தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "முனுசாமி தண்ணி டேங்க்ல பிளீச்சிங் பவுடர் போட்டான் இல்ல சனிக்கிழமை?" என்றார். போட்டிருந்தார்தான். கான்ட்ராக்ட் ஆள், நான் 'ஆமாம்' என்றால் அன்றோடு அவர் வேலை போயிருக்கும். பொய் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தவள் இல்லை நான், நாக்கு நுனிவரை வந்தது. வாசலில் அவர் வாளியோடு நிற்பதைப் பார்த்தேன். "நான்தான் சார், கீரை போட்டேன்" என்றேன்.

பதினொரு மணிக்கு ஜெனிபர் வந்தாள். நோட்டைப் படித்தாள். தொட்டியைப் பார்த்து அழுதாள், நானும் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னது: "நா ஒட்டனத நீங்க படிக்கலன்னா கோவம் வரும்க்கா. படிச்சிட்டு, பாவம்னு போட்டேன்றீங்களே, அதுக்கு இன்னான்னு திட்டறது?"

ஒன்பது வயிறு

மறுநாள் அவள் என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். முன்பே எடுத்துவைத்திருந்த குடல் ஒன்றின் சிலைடு. உள் சுவர் செத்து உரிந்துகொண்டிருந்தது. அதன் அடியிலேயே சின்னச் சின்னக் கொத்தாகப் புதுச் செல்கள். அவை எங்கிருந்தோ வந்தவை அல்லவாம். பழைய செல்களிலேயே சில, செய்த வேலையை மறந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கின்றனவாம். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவது போல. வயலில் நாற்றுப் பிடுங்கிய கையோடு என் வீட்டுக்காரர் கம்பெனிக்குள் போய் நின்ற முதல் வருடம் ஞாபகம் வந்தது. அந்த மனுஷனும் அப்போது சரியாகச் சாப்பிடவில்லை. இவ்வளவு பெரிய வேலை நடக்கிற இடத்தில்தான் நான் கரண்டியை நீட்டியிருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, கையெடுத்துக் கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

அந்த வாரம் இரண்டு செத்தன. மிச்சம் ஏழு. நான் எதையும் போடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே தொட்டிப் பக்கம் போனேன். வால் முழுதும் மறைந்ததும், அழுகிய வாழைப்பழத்தில் வளர்த்த பழ ஈக்களை ஜெனிபர் தட்டிவிட்டாள். துறைத் தலைவர், முனுசாமி அண்ணன், நான், மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒரு ஈ கண்ணாடியில் ஊர்ந்தது. கட்டைவிரல் நகம் அளவு தவளை ஒன்று மெதுவாகத் திரும்பியது. அடுத்த கணம் ஈயைக் காணோம். ஜெனிபர் என் கையை இறுக்கிப் பிடித்தாள், வளையல் அழுந்தி வலித்தது. சாயங்காலத்துக்குள் ஏழும் தின்றுவிட்டன.

அந்தத் திங்கட்கிழமை நடந்ததைப் பற்றி முனுசாமி அண்ணன் அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார். "தோ பாரும்மா, ஒரு வாரம் பட்டினி கெடந்துட்டு மொத வாயே கவுச்சி. இதுக்குப் போயி நீ கீரய நீட்னியே."

ஒருவர் தன் வயிற்றையே இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது 'சாப்பிட்டாயா' என்று கேட்காமல் இருப்பதுதான் பெரிய உபசாரம் என்பதைக் கற்றுக்கொள்ள, நம் ஊரில் பிறந்த எனக்கு முப்பத்து மூன்று உயிர் தேவைப்பட்டது.