சேற்று ஓட்டத்தில் வெங்கடலட்சுமி

ஆந்திராவில் நகரிக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர் வெங்கடலட்சுமிக்கு. சொந்தமென்று ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம். பள்ளிக்கூடம் போகிற வயதில் நாற்றுக்கட்டு சுமந்தாள். கல்யாணமாகி வந்த இடத்திலும் பிறத்தியார் வயலில் நடவுதான். மழைக்காலம் முழுக்கக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் ஆறாது.

பிறகு சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வந்தன. ஊர் ஊராக வேன் வந்து ஆட்களை ஏற்றிப் போயிற்று. செல்போன் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்குத் தரை துடைக்கிற வேலை கிடைத்தது. புருஷன் துலுக்காணம் சென்னைக்குக் கொத்து வேலைக்குப் போனான். இருவர் சம்பளத்திலும் மகள் ரூபாவைப் புத்தூரில் இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். அந்தப் பெண்ணை ஒருநாள்கூட வயலில் இறங்க விட்டதில்லை வெங்கடலட்சுமி. படிப்பு முடிந்ததும் ரூபாவுக்குப் பெங்களூரில் வேலை.

அந்த ரூபாதான் ஒருநாள் போன் செய்தாள்.

"ம்மா, ஞாயித்துக்கெழம பலமனேருக்கு வர்றியா? சேத்துல ஓடுற போட்டி. ஆபீஸ் ஆளுங்கல்லாம் ஓடுறோம்."

"சேத்துலயா? எதுக்கு?"

"சும்மா, ஜாலிக்கும்மா."

"செயிச்சா காசு குடுப்பாங்களா?"

"நாமதாம்மா கட்டணும்."

அன்றைக்கு வெங்கடலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. துலுக்காணத்துக்குப் போன் போட்டுப் புலம்பினாள். "சேத்துல கால் வைக்கக் கூடாதுன்னுதான இத்தினி வருசம் பாடுபட்டோம். இவ காசு கட்டி எறங்குறேன்றா."

"போய்ப் பாத்துட்டு வாயேன். பெத்த பொண்ணுதான கூப்புடுறா," என்றான் அவன்.

திட்டிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினாள். சித்தூர் தாண்டி பஸ் மலையேறியதும் காற்று குளிர்ந்தது. பலமனேருக்கு வெளியே ஒரு பெரிய தரிசில் கூட்டம் தெரிந்தது. கோயில் திருவிழா என்று நினைத்தாள். கிட்டப் போனதும் நின்றுவிட்டாள்.

நூற்றுக்கணக்கான பேர். நீளநீளமாகக் குழி வெட்டி, டேங்கர் தண்ணீர் விட்டுக் குழைத்த செஞ்சேறு. அதன்மேல் தாழக் கட்டிய கயிறுகளுக்கு அடியில் ஆணும் பெண்ணும் வயிற்றால் ஊர்ந்து போனார்கள். அப்புறம் டயர்கள், கயிற்று வலை, கடைசியில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு பலகைச் சுவர். விழுந்தவர்களை யாரும் அதட்டவில்லை. விழுந்தவர்களே சிரித்தார்கள். சேற்றில் நிற்கிறவர்கள் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

அந்தக் கூட்டத்தில் மகளை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தலையிலிருந்து கால்வரை எல்லோரும் ஒரே நிறம். யார் பணக்காரர், யார் எந்தத் தெரு, யார் மேலதிகாரி, எதுவும் தெரியவில்லை. "ம்மா" என்று குரல் கேட்டபோதுதான் பல் தெரிந்த ஒரு சேற்று முகம் ரூபா என்று புரிந்தது. திட்ட வந்தது மறந்துபோயிற்று.

"வலிக்கலயாடி?" என்று மட்டும் கேட்டாள்.

"வலிக்குது. நல்லாகீது."

வெயில் ஏறியபின், கூட வந்த வீட்டாரும் ஓடலாம் என்று மைக்கில் தெலுங்கில் சொன்னார்கள். ரூபா தன் பையிலிருந்து ஒரு பேண்ட்டையும் சட்டையையும் எடுத்து நீட்டினாள். "நானா? போடீ," என்றாள் வெங்கடலட்சுமி. ஆனாலும் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது.

சேறு தெரிந்தவள் சுலபமாக ஓடிவிடுவாள் என்று ரூபா நினைத்திருப்பாள். அப்படி நடக்கவில்லை. நடவுச் சேற்றில் குனிந்து பின்னால் நகர்ந்துதான் பழக்கம். ஊர்ந்து முன்னால் போக முழங்கை ஒத்துழைக்கவில்லை. வலையில் கால் சிக்கிக்கொண்டது. எல்லோருக்கும் பின்னால், மூச்சிரைக்கச் சுவருக்கு முன் வந்து நின்றாள். மேலே இருந்து இரண்டு பேர் கையை நீட்டினார்கள். கீழே ஒரு பெரியவர், அவள் வயதுக்கு மூத்தவர், சுவரில் கையூன்றிக் குனிந்து தோளைக் காட்டினார்.

"எக்கண்டி அம்மா. பர்லேது," என்றார். ஏறுங்கம்மா, பரவாயில்லை.

அவள் அசையவில்லை. அவள் சின்ன வயதில் அவள் தெருக்காரர்கள் ஊருக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார்கள். யாரோ என்னவோ, எந்தச் சனமோ, இவர் தோள்மேல் காலை வைப்பதா? பெரியவர் நிமிரவே இல்லை. குனிந்தபடியே காத்திருந்தார். வெங்கடலட்சுமி அந்தத் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு காலை வைத்தாள். தோள் அசையாமல் தாங்கியது. மேலே இருந்த கைகள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தன.

சுவரின் உச்சியில் கால்களை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்தாள். ஓடை, தக்காளித் தோட்டங்கள், பெங்களூர் ரோட்டில் போகிற லாரிகள் எல்லாம் தெரிந்தன. கீழே முன்பின் தெரியாதவர்கள் அவளுக்காகக் கைதட்டினார்கள். தனக்குத்தானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஏறி வருகிறவர் யாரும் இல்லை. அழுகிறோம் என்பதே சேறு வாய்க்குள் உப்புக் கரித்தபோதுதான் தெரிந்தது.

குதித்தபோது இடது கை மடங்கிப் பிசகிவிட்டது. ஊர் திரும்பும் வழியில் ரூபா அவளைப் புத்தூருக்கு அழைத்துப் போய் நாட்டு எலும்புக் கட்டுப் போட வைத்தாள். கட்டுப் போட்டவர் தமிழில் விசாரித்தார்.

"வண்டில இருந்து விழுந்தியாம்மா?"

"இல்லீங்க. செவுரு ஏறிக் குதிச்சேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி நல்லெண்ணெய் மணக்கக் கட்ட ஆரம்பித்தார்.

கட்டு அவிழ்க்கும்வரை கம்பெனி வேனில் இதே பேச்சுதான். பக்கத்தில் உட்காரும் கிருஷ்ணம்மா நம்பவில்லை. "மெய்யாலுமா? ஆம்பள தோள் மேலயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் வெங்கடலட்சுமி முதலிலிருந்து சொன்னாள். அடுத்த வருசம் கிருஷ்ணம்மாவும் இன்னும் இரண்டு பேரும் அவளோடு பஸ் ஏறினார்கள். அந்த வருசமும் வெங்கடலட்சுமி கடைசியாகத்தான் வந்தாள். துலுக்காணம் லீவு போட்டு வந்து, நான்கு பெண்களின் செருப்பையும் பையையும் காவல் காத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கினே நின்றான் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.