சுமதி உறங்கிய பகல்

அப்போது நாங்கள் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தோம். எங்கள் குழந்தை பிறந்த மறுநாளே இறந்துபோனது. அதன்பிறகு என் மனைவி சுமதிக்குத் தூக்கமே இல்லாமல் போயிற்று. மாத்திரை போட்டாலும் சற்று நேரத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடும் இறங்கவில்லை.

யாரோ சொன்னார்கள் என்று, மல்லேஸ்வரத்தில் சீன அக்குபங்சர் செய்யும் ஒரு பெண் டாக்டரிடம் அவளை அழைத்துப் போனேன். சின்ன அறை, ஒரே ஒரு கட்டில். எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. டாக்டர் அவள் நெற்றியிலும் மணிக்கட்டிலும் பாதத்திலும் முடி போல மெல்லிய ஊசிகளைச் செருகினார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இறுக மூடியிருந்த அவள் விரல்கள் மெல்ல விரிந்தன. லேசாகக் குறட்டை கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஊசிகளை எடுத்த பிறகும் அவள் அசையவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்ததால் எழுப்பப் போனேன். டாக்டர் தடுத்தார். அடுத்து வரவேண்டிய கன்னடக்காரர், முழங்கால் வலிக்காரர், எட்டிப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பரவாகில்லா சார், அவங்க தூங்கட்டும். மேடம், எனக்குச் சேர்லயே குத்திடுங்க."

அவருக்குப் பின் வந்தவர்களும் மெல்லிய குரலில் பேசி, நாற்காலியிலேயே ஊசி போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் படியிறங்கினார்கள். மாலையில் கண் விழித்த சுமதி என்னைப் பார்த்து, "பசிக்குதுங்க" என்றாள்.

அந்த ஊசிகள் என்ன செய்தன என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. முன்பின் தெரியாத அத்தனை பேர் அவளுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டதை நினைத்தால் மட்டும் கண் கலங்கிவிடுகிறது.