அக்காவின் தெருவை விட்ட கோடு

விமான நிலையத் திட்டப் பிரிவில் அவருக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். வளைந்து கொடுக்கத் தெரியாத மனிதர் என்று சக பொறியாளர்கள் வைத்தது. இருபத்திரண்டு வருடம் அந்தப் பெயரைச் சந்தோஷமாகச் சுமந்தவர், இரண்டாவது ஓடுபாதை வந்த பிறகு அதைக் கேட்டாலே கூசினார்.

பயணிகள் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போனது. பழைய ஓடுபாதையில் இறங்க முறை வராமல் விமானங்கள் வானத்திலேயே வட்டமடித்தன. புதியது போட முடிவானதும், விமானச் சத்தம் எதுவரை தாங்க முடியாததாக இருக்கும் என்று காட்டும் இரைச்சல் எல்லைக் கோட்டை வரையும் வேலை அவரிடம் வந்தது. கோட்டுக்குள் விழும் வீடுகளுக்கு அரசே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுத் தரும். ஆனால் மாடி எழுப்ப அனுமதி கிடையாது.

முதல் வரைபடத்தில் அக்காவின் தெரு உள்ளே விழுந்தது. கல்யாணமான மகளுக்காக மாடி எடுக்க அக்கா கம்பியெல்லாம் இறக்கி வைத்திருந்த நேரம்.

“ஒரு தெருதானடா. உன் கோடு கொஞ்சம் தள்ளிப் போகாதா?” என்றாள், துணி மடித்தபடி.

“அத நான் போடலக்கா. கணக்கு போடுது.”

“கணக்க யாரு போடுறா?”

மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கணக்கைத் திறந்தார். பத்து வருடம் கழித்து ஒரு நாளைக்கு எத்தனை விமானம் வந்துபோகும் என்பது எப்படியும் ஊகம்தான். நானூற்றிருபது என்று இருந்ததை முந்நூற்றைம்பது ஆக்கினார். கோடு சுருங்கியது. அந்தத் தெருவின் நாற்பத்தொரு வீடுகளும் வெளியே வந்துவிட்டன. யாரும் துருவிக் கேட்கவில்லை. ஸ்கேல் போட்ட கோடாயிற்றே.

ஓடுபாதை திறந்த மூன்றாம் வருடமே எண்ணிக்கை நானூறைத் தாண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனவர், எதிர்வீட்டு நர்ஸைப் பார்த்தார். இரவுப் பணிக்காரி. கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“இந்த ப்ளேன் சத்தத்துல பகல்ல பாத்ரூம்லதான் பாய் போட்டுப் படுக்கிறேன் சார். அங்கதான் ஜன்னல் இல்ல. போன வாரம் ஊசி போடுறப்ப கண்ணு சொக்கி, மருந்தையே மாத்தி எடுத்துட்டேன். கூட இருந்தவ பாத்துத் தடுத்தா.”

“ஜன்னலுக்கு எழுதிக் கேக்கலயாம்மா?”

“கேட்டேன். கோட்டுக்கு வெளிய இருக்கீங்கன்னு பதில் வந்துச்சு. படிச்சவங்க பாத்துத்தான போட்டிருப்பாங்க?”

அவள் குறையாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். அது அவரைப் போட்டு அறுத்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை தலைமைப் பொறியாளர் அறைக்குப் போனார்.

“மேடம், அந்த இரைச்சல் கோடு தப்பு.”

“கூட்டம் இவ்வளவு சீக்கிரம் ஏறும்னு யாருக்குத் தெரியும்? ஊகம் பிசகுறது சகஜம்தானே,” என்றார் தலைமைப் பொறியாளர், கோப்பிலிருந்து தலை நிமிராமல்.

அத்தோடு தலையாட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கால் கதவுப் பக்கம் திரும்பவும் செய்தது.

“பிசகல மேடம். நான்தான் மாத்தினேன்.”

மேடம் அப்போதுதான் நிமிர்ந்தார்.

விசாரணை நடந்தது. யாருக்காக என்று கேட்டார்கள். அக்கா பெயரை அவர் சொல்லவில்லை. பதவி உயர்வு நின்றது, கார் நிறுத்துமிடப் பிரிவுக்கு மாற்றினார்கள். கோட்டைப் புதிதாக வரைந்தார்கள். எட்டு மாதத்தில் நாற்பத்தொரு வீடுகளுக்கும் ஜன்னல் வந்தது. அக்காவின் மாடி ஏற்கெனவே எழும்பிவிட்டதால் தப்பியது.

அடுத்த முறை அவர் அங்கே போனபோது நர்ஸ் சிரித்தபடி எதிரே வந்தாள்.

“நீங்கதான் பேசி வாங்கிக் குடுத்தீங்களாமே சார். அக்கா சொன்னாங்க.”

அக்கா வாசலில் நின்று, பேசாமலிரு என்று கண்ணைக் காட்டினாள்.

“மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்க வேண்டியதும்மா,” என்றார். “தடுத்தது நான்தான்.”

நர்ஸின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது. “வேலைக்கு நேரமாச்சு,” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

“இத எதுக்குடா சொன்ன?” என்றாள் அக்கா.

நர்ஸ் திரும்பிப் பார்ப்பாளா என்று அவர் தெருமுனைவரை பார்த்துக்கொண்டே நின்றார். அவள் திரும்பவில்லை.